விபூதி பூசிய ரிவால்வர்

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் அவருடைய துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது என்பது சட்டம். மனைவி இருக்கலாம், அதற்குத் தடை ஒன்றும் இல்லை. எங்கள் பகுதி போலீஸ் ஸ்டேஷனில் ஒரு இளம் அதிகாரி இதை எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். என்னை ‘மாஷிமா’ என்று கூப்பிட்டார். கல்கத்தாவில் ஒரு வயதுக்கு மேல் எல்லாப் பெண்களும் எல்லோருக்கும் சித்திதான். சித்தி என்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் எதை வேண்டுமானாலும் மறுத்துவிடலாம்.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். என் கணவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தப் பழைய ரிவால்வரைத் துண்டில் சுற்றி எடுத்துப் போவார். வோட்டு எண்ணி முடிந்ததும் போய் வாங்கி வருவார். போன முறை ஒப்படைத்துவிட்டு வந்தார். திரும்ப வாங்குவதற்குள் போய்விட்டார். வருஷத் திதி முடிந்த பிறகு நான் அதைக் கேட்டுக்கொண்டு போனேன்.

“ஒரு வழி இருக்கு மாஷிமா. துப்பாக்கிக் கடையில கொண்டுபோய்க் காட்டுங்க. ரொம்பப் பழைய சாமான், ரிப்பேர் பண்ணினாலும் சுடாதுன்னு அவங்க எழுதிக் கொடுத்துட்டா, ஷோகேஸ் பொம்மை மாதிரி வீட்டுலயே வச்சுக்கலாம். சுடும்னு சொன்னா, கடையிலயே விட்டுடணும்.”

“லைசென்ஸை என் பேருக்கு மாத்தினா?”

அவர் என் நரைத்த தலையைப் பார்த்தார், நான் ஊன்றியிருந்த குடையைப் பார்த்தார். “அப்ளை பண்ணலாம்,” என்றார். அந்த ‘லாம்’ எதற்குச் சமம் என்று மத்திய அரசு ஆபீஸில் காலம் தள்ளிய எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, நான் வேண்டிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: அது கெட்டுப்போயிருக்க வேண்டும். ஒரு சாமான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று எந்தச் சாமியிடம் வேண்டுவது? வேண்டாமலேயே கடைக்குப் போனேன், ஸ்டேஷனில் கொடுத்த கடிதத்தைக் கைப்பையிலும் ரிவால்வரைப் பழைய டிபன் பையிலும் வைத்துக்கொண்டு.

கிளம்புவதற்கு முன் மகளுக்குப் போன் செய்தேன். அவள் இதே ஊரில்தான், சால்ட் லேக்கில் இருக்கிறாள். அங்கிருந்து பெஹாலாவில் இருக்கிற என் வீட்டுக்கு வருவதற்குள் டெல்லிக்கே போய்விடலாம் என்பாள். அதுவும் உண்மைதான்.

“அம்மா, ஒனக்கு எதுக்கும்மா அது? ஸ்டேஷன்லயே விட்டுடேன், ப்ளீஸ்.”

“ஏட்டி, அது ஒங்கப்பா வச்சிருந்த சாமான்.”

“அப்பா வச்சிருந்தது வீடு பூரா இருக்கே. அவர் ஷூகூட இன்னும் வாசல்ல கெடக்கு. இரு, மீட்டிங்ல கூப்பிடறாங்க.”

அவள் சொன்னதிலும் தப்பில்லை. வீடு பூரா அவர் சாமான்தான். ஆனால் ஆள் இல்லாத வீட்டில் சாமான்கள் ஒரு மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர்களோடு வங்காளத்தில் பேசுகிறேன், காய்கறிக்காரனோடு இந்தியில் சண்டை போடுகிறேன். தமிழ் பேச ஆள் இல்லை. பால் பொங்கினால் பாலைத் தமிழில் திட்டுவேன். அன்றைக்கு அதுதான் என் தாய்மொழிப் பேச்சு. துப்பாக்கி எதற்கு என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. என்னிடமிருந்து இன்னும் ஒன்றை யாரும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்கிற வீம்பு. அவ்வளவுதான்.

தர்மதலாவுக்குப் பக்கத்தில், டிராம் நின்றுபோய்த் தண்டவாளம் மட்டும் மிச்சமிருக்கிற தெருவில் அந்தக் கடை. வாசலில் பீஹார்க்காரக் காவலாளி இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே தேக்குக் கண்ணாடி அலமாரிகள், சுவரில் பாடம் செய்த மான் தலை. அதற்குக் கீழே கடைக்காரர். என் வயதுதான் இருக்கும். நெற்றியில் ஒரு கண்ணாடி, மூக்கில் ஒரு கண்ணாடி. கடிதத்தைப் படித்துவிட்டு டிபன் பையை வாங்கினார். துண்டைப் பிரித்ததும், பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவது போல ஒரு சத்தம் கொடுத்தார்.

முதலில் உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மேலிருந்த கொக்கியைக் கட்டைவிரலால் தள்ளினார். துப்பாக்கி நடுவில் மடிந்து திறந்துகொண்டது. குண்டு போடுகிற ஆறு குழிகளையும் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“என்ன துப்பாக்கின்னு தெரியுமா தீதி?” என் வயதுக்காரர் இல்லையா, இங்கே நான் சித்தியிலிருந்து அக்காவாகிவிட்டேன்.

“லண்டன் சரக்கு,” என்றேன். எங்கள் வீட்டில் இது வேதவாக்கு. என் மாமனார் ஹவுராப் பக்கம் ஒரு சணல் ஆலை ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். சுதந்திரம் வந்து கப்பலேறிய மானேஜர் துரை, பட்டாளத்தில் கேப்டனாக இருந்த தன் அண்ணனுடையது என்று சொல்லி இதை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் வீட்டில் இந்தக் கதையைச் சொன்னார்கள். என் அப்பா மிரண்டுபோய் வரதட்சணைப் பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டார்.

கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்தார். நெற்றிக் கண்ணாடி மூக்குக்கு வந்தது, மூக்குக் கண்ணாடி நெற்றிக்குப் போனது. “லண்டனும் இல்லை, பர்மிங்ஹாமும் இல்லை. இந்த முட்டை மாதிரி முத்திரையைப் பாருங்க. உள்ளே மூணு எழுத்து, கீழே நட்சத்திரம், மேலே கிரீடம். இது பெல்ஜியத்துல லியேஜ்னு ஒரு ஊர்ல போடற சோதனை முத்திரை. இங்கிலீஷ் துப்பாக்கியைப் பார்த்து அங்கே செஞ்ச காப்பி.”

“போலியா?”

“சீச்சீ. காப்பி. நல்ல காப்பி. பட்டாளத்து கேப்டன் யாரும் இதைத் தொட்டிருக்க மாட்டான். யாரோ துரை இங்கேயே கடைத்தெருவுல வாங்கியிருப்பான்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு தலைமுறையாகக் கல்யாண வீடுகளிலும் துக்க வீடுகளிலும் எங்கள் ஆட்கள் அளந்த கேப்டன் கதை! என் கணவர் கேட்டிருந்தால் முதலில் கடைக்காரரோடு சண்டைக்குப் போயிருப்பார். பிறகு வீட்டுக்கு வந்து, “எங்கப்பா பெரிய புளுகர்ளா,” என்று வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். அந்த வருஷத்திலேயே எனக்குக் கிடைத்த அருமையான செய்தி அதுதான், அதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. மகளிடம் சொல்லலாம், ‘ஓ, அப்படியா’ என்பாள். சிரித்த வாயை மூடிக்கொண்டேன்.

கடைக்காரர் அதற்குள் துப்பாக்கியின் பக்கவாட்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியோடு அதன் மேல் குனிந்திருந்தார். பழைய எஃகுக்கு நீலமும் கறுப்புமாக ஒரு பூச்சு உண்டு. அது பல இடங்களில் தேய்ந்திருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. விசைக்கு மேலே, தட்டையான இடத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று கோடுகள். பூச்சு போய், இரும்பே அரித்து, பொடிப் பொடிக் குழிகளாகத் தடம் விழுந்திருந்தது. கொஞ்சம் தள்ளி வட்டமாக ஒரு குழி.

“மூணு விரல், ஒரு கட்டைவிரல்,” என்றார் மெதுவாக. குரல் மாறிவிட்டது. “தீதி, ரத்தத்துல உப்பு இருக்கு. துடைக்காம விட்டா இரும்பை இப்படித்தான் அரிக்கும். ரத்தக் கையோட யாரோ இதைப் பிடிச்சிருக்கான். இந்தத் துப்பாக்கி ஒரு ஆளைப் பார்த்திருக்கு.”

காவலாளிகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு ஒரு விநாடி உடம்பு சிலிர்த்துத்தான் போயிற்று. அடுத்த விநாடி எனக்குப் புரிந்துவிட்டது.

“ரத்தமில்லை. விபூதி,” என்றேன்.

“பிபூதியா?” கடைக்காரர் நிமிர்ந்தார். “யாரு அந்த பிபூதி பாபு? அவர்தான் சுட்டாரா?”

வங்காளத்தில் ‘வ’ எல்லாம் ‘ப’. பிபூதி என்பது இங்கே ஆம்பிளைப் பெயர். தெருவுக்கு ஒரு பிபூதி பாபு இருப்பார். நான் பாவம், இல்லாத ஒரு மனிதர் மேல் கொலைப்பழி போட்டுவிட்டேன். வேறு வார்த்தை தேடினேன். சாம்பலுக்கு வங்காளத்தில் ‘ச்சாய்’. “ஓட்டா ச்சாய்,” என்றேன், அது சாம்பல் என்கிற அர்த்தத்தில்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. ‘ச்சாய்’ என்றால் சாம்பல் மட்டுமில்லை. ‘குப்பை, உளறல்’ என்றும் அர்த்தம். “குப்பையா? இந்த நாற்காலியில உக்காந்து எத்தனை துப்பாக்கி பார்த்திருக்கேன் தெரியுமா தீதி? எங்கப்பா காலத்துலேருந்து...” என்று ஆரம்பித்துவிட்டார். இந்த நேரத்தில் காவலாளி எங்கேயோ போய் மண் குவளையில் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவர் காதில் விழுந்தது இந்திச் ‘சாய்’.

டீயைக் குடித்துக்கொண்டே பொறுமையாகச் சொன்னேன். உங்களுக்கு துர்கா பூஜை நடக்கிற அதே நவமியன்று எங்களுக்கு ஆயுத பூஜை. தெருவெல்லாம் உங்கள் டாக்கு மேளம் அடிக்கும்போது எங்கள் வீட்டுக்குள் மணையில் கோலம் போட்டு, என் தையல் மிஷின், அவர் ஸ்பானர், மகளின் புத்தகம், கார் சாவி, இந்தத் துப்பாக்கி எல்லாவற்றையும் வைப்போம். கறுப்பு இரும்பில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அவர் விபூதியைத் தண்ணீரில் நன்றாகக் குழைத்து மூன்று விரலால் பட்டை போடுவார். கீழே சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமப் பொட்டு. மறுநாள் தசமி பூஜை முடிகிற வரை எதையும் தொடக் கூடாது. இந்த ஊரின் புரட்டாசி ஈரத்தில் அது அப்படியே ஊறிக்கொண்டு கிடக்கும். வருஷா வருஷம், அதே இடத்தில், அதே கை.

கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். தன் மூன்று விரல்களையும் சேர்த்து அந்தக் கோடுகளுக்கு மேலே, தொடாமல் பிடித்துப் பார்த்தார். “அப்ப இது தாதாவோட கை,” என்றார். நான் தீதி என்றால் என் கணவர் தாதா, அதாவது அண்ணன்.

நான் டீக் குவளையை வைத்துவிட்டேன். வருஷத்துக்கு ஒருநாள் பார்த்த சாமான்தான். ஆனால் விபூதிக்கு அடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்களில் யார் பார்த்தோம்? நடுக்கோடு கொஞ்சம் நீளம். அவருக்கு நடுவிரல் நீளம். வீட்டில் அவர் போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, ஷூ இருக்கிறது. அவர் கை பட்ட தடம் என்று எதுவும் கிடையாது. அவர் படுக்கையில் இருந்த கடைசி நாட்களில் அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இது எனக்கு வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. வீம்பெல்லாம் போய்விட்டது. வேண்டும், அவ்வளவுதான். அழுகை வந்தது, குவளையை மறுபடி எடுத்து, டீ சூடு என்பது போல ஊதிச் சமாளித்தேன்.

“வெளிப்புறம் மோசம்,” என்றார் அவர். “சேகரிக்கிறவன் எவனும் தொட மாட்டான். இனி உள்ளே பார்ப்போம்.”

மோசம் என்ற சொல் அவ்வளவு இனிப்பாக என் காதில் என்றைக்கும் விழுந்ததில்லை. உள்ளேயும் மோசமாக இரு, தாயே, என்று துப்பாக்கியிடமே வேண்டிக்கொண்டேன்.

குழலின் பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து முன்பக்கமாகப் பார்த்தார். “சுத்தமா இருக்கே!” என்றார். ஆறு குழிகளும் இருந்த உருளையைப் பிடித்து ஆட்டினார், ஆடவில்லை. பின்னால் குண்டை அடிக்கிற சுத்தியலைப் பாதி இழுத்தார், முழுதாக இழுத்தார். ஒவ்வொரு முறையும் க்ளிக் என்று போய் உட்கார்ந்தது. “யாரு இதுக்கு எண்ணெய் போட்டது?”

வேறு யார்? பூஜைக்கு முதல் நாள் பேப்பரை விரித்து உட்கார்ந்து, என் தையல் மிஷின் எண்ணெயைக் குழலுக்குள்ளும் சந்து பொந்துகளிலும் விட்டுத் துணியால் துடைப்பார். சுடாத துப்பாக்கிக்கு எண்ணெய்க் குளியல், எனக்கு முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துவிட ஆள் இல்லை என்று நான் சீண்டுவேன். வெளியே விபூதியால் கெடுத்தார், உள்ளே எண்ணெயால் காப்பாற்றி வைத்திருக்கிறார். ஒரு காரியத்தையாவது உருப்படியாகக் கெடுக்கத் தெரியாத மனிதர்.

கடைசியாக ஒரு பென்சிலை எடுத்தார். ரப்பர் முனை உள்ளே போகும்படி குழலுக்குள் இறக்கினார். சுத்தியலின் மூக்கு சரியாக அடிக்கிறதா என்று பார்க்க இப்படிச் செய்வார்களாம். “பென்சில் உள்ளேயே கிடந்தா துப்பாக்கி செத்துப்போச்சுன்னு அர்த்தம்,” என்றார். குழலை மேல்நோக்கிப் பிடித்து விசையை இழுத்தார்.

பென்சில் துள்ளி எழுந்து மான் கொம்பில் இடித்துக் கீழே விழுந்தது. காவலாளி சிரித்தார். கடைக்காரரும் ரொம்ப சந்தோஷமாக, “பாருங்க தீதி, இத்தனை வயசுலயும்!” என்றார். என்னைப் பார்த்த பிறகு அவர் சிரிப்பு அடங்கியது.

“சுடாதுன்னு எழுதிடுங்க தாதா,” என்றேன்.

அவர் குனிந்து பென்சிலைப் பொறுக்கினார்.

“யாருக்குத் தெரியப் போகுது? குண்டு கிடையாது. எனக்குச் சுடவும் தெரியாது. பீரோவுல வச்சுக்குவேன். அந்தப் பட்டைக்காகத்தான் கேக்கறேன். உங்களுக்கே புரிஞ்சுதே.”

இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. “வீட்டுல கூட யாரு இருக்காங்க?”

“யாருமில்லை.”

“பொண்ணு, பையன்?”

“பொண்ணு சால்ட் லேக்குல. ஞாயித்துக்கிழமை வருவா. வர முடிஞ்சா.”

“அப்ப எழுத மாட்டேன் தீதி.”

“திருடன் வருவான்னு பயப்படறீங்களா?”

“திருடனைப் பத்தி நான் சொல்லலை.”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியபோது உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. வங்காளத்தில் கோபப்படும் அளவுக்கு எனக்கு அந்த மொழி வராது. “என்னைய என்னன்னு நெனச்சீரு வே நீரு? கட்டுனவன் போயிட்டா பின்னாலயே போயிருவேன்னா? நான் என்ன கோட்டி புடிச்சவளா?” என்று எங்கள் ஊர்த் தமிழில் கத்தினேன். வாசலில் காவலாளி எழுந்து நின்றார். பால் பாத்திரம் தவிர வேறு யாரிடமாவது நான் தமிழில் பேசி எத்தனையோ நாள் ஆகியிருந்தது. கடைக்காரர் ஒரு வார்த்தையும் புரியாமல், கை கட்டிக்கொண்டு முழுதையும் கேட்டார். கடைசியில், “இங்கேயே இருக்கட்டும். அந்த இடத்தைத் தேய்க்க மாட்டேன், பாலிஷ் போட மாட்டேன். எப்ப வேணும்னாலும் வந்து பார்த்துக்குங்க,” என்றார். ரசீது எழுதிக் கொடுத்தார். நான் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தக் கோபம் பஸ்ஸில் பாதி வழி வரை தாங்கியது. என்ன தைரியம் அந்த மனிதருக்கு, யார் கேட்டார்கள் அவர் அக்கறையை என்று கருவிக்கொண்டே வந்தேன். மகள் போன் செய்தாள். “குடுத்துட்டியா? அப்பாடா! இனிமே நிம்மதி,” என்றாள். உண்மையாகவே நிம்மதியாகத்தான் சொன்னாள். வீட்டில் துப்பாக்கி இல்லை என்ற நிம்மதி. நானும் “ஆமாட்டி” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. அவர் போனதிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்: சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கேஸை மூடினியா. நானும் எல்லாவற்றுக்கும் ஆச்சு, ஆச்சு என்று சொல்லிவிடுகிறேன். காலையில் கண் விழித்ததும், எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்துக்கிடந்திருக்கிறேன். அதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. துப்பாக்கியை அப்படி நினைத்ததே இல்லை, அது சத்தியம். ஆனால் கடையில் கத்தினேனே தவிர, அவரைப் பார்த்து ‘இல்லை’ என்ற ஒரு சொல்லை நான் சொல்லவில்லை.

பஸ் பெஹாலாவுக்குள் திரும்பியது. கைப்பையிலிருந்து ரசீதை எடுத்துப் பார்த்தேன். நான் செத்துவிடக் கூடாது என்று பயந்த அந்த ஒரே மனிதர், என் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்.